குபெர்னெட்டிஸ் வேண்டுமா, கம்போஸே போதுமா? சின்ன டீம்களுக்கு ஓர் ஒப்பீடு

மண்ணடி, ராயபுரம், தண்டையார்பேட்டை, மாதவரம் பக்கம் மூன்று பேர், எட்டுப் பேர் என்று டீம் வைத்துக்கொண்டு மென்பொருள் எழுதித் தரும் நிறுவனங்கள் உண்டு. கிளியரிங் ஏஜென்ட்டுக்கு பில்லிங், மணலியில் கப்பல் சரக்குப் பெட்டிகளை வைக்கும் யார்டுக்கு கேட் என்ட்ரி, லாரி டிரான்ஸ்போர்ட்டுக்கு டிரிப் ஷீட், மொத்த வியாபாரிக்கு ஸ்டாக் கணக்கு. அவர்களிடமிருந்து வரும் கேள்வி கிட்டத்தட்ட ஒன்றுதான்: “எல்லாத்தையும் டாக்கர்ல போட்டாச்சு. அடுத்து குபெர்னெட்டிஸுக்குப் போகணுமா, இல்ல இப்படியே ஓட்டலாமா?” டாக்கர் என்பது அப்ளிகேஷனை அதற்குத் தேவையானவற்றோடு ஒரே பொதியாகக் கட்டித் தரும் கருவி; அந்தப் பொதி இமேஜ், அது ஓடும்போது கன்டெய்னர். ஒரு மெஷினில் பல கன்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டுவது கம்போஸ், பல மெஷின்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்வது குபெர்னெட்டிஸ்.

கேட்பவர்களுக்கு மூன்று பக்கமும் நெருக்கடி. வாடிக்கையாளரின் டெண்டரில் ‘ஹை அவைலபிலிட்டி’ (எது கெட்டாலும் நிற்காமல் ஓடுவது) என்று ஒரு வரி இருக்கிறது. டீமில் இருக்கும் இளைஞர்களுக்கு ரெஸ்யூமில் குபெர்னெட்டிஸ் வேண்டும். கிளவுட் விற்பவர், எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்கிறார். மூன்றுமே நியாயமான காரணங்கள்தான், ஆனால் மூன்றும் ஒரே விடைக்குக் கொண்டுபோகாது. என் கருத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் அப்ளிகேஷனை அடிக்கடி நிறுத்துவது எந்தக் கோளாறு என்று முதலில் பாருங்கள். அதற்கு மருந்தாக இருக்கும் தளத்தை எடுங்கள். எத்தனை யூசர் என்ற கணக்கெல்லாம் அதற்குப் பிறகு.

## ஆர்கெஸ்ட்ரேட்டர் செய்கிற வேலை

கன்டெய்னர்களை மெஷின்களில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளும் மென்பொருளைத்தான் ஆர்கெஸ்ட்ரேட்டர் என்கிறோம். வீட்டு மாடித் தொட்டிக்குத் தானியங்கி மோட்டார் கன்ட்ரோலர் வைத்திருப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். ‘மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓட்டு’ என்று யாரும் அதற்குச் சொல்வதில்லை. தொட்டியில் இந்த மட்டத்துக்குத் தண்ணீர் இருக்க வேண்டும் என்று சொல்லிவிடுகிறோம். மட்டம் இறங்கினால் அதுவே மோட்டாரைப் போடும், ஏறினால் நிறுத்தும்.

குபெர்னெட்டிஸும் அப்படித்தான். ‘இந்த இமேஜிலிருந்து 3 நகல் ஓட வேண்டும், ஒவ்வொன்றுக்கும் 512 எம்பி மெமரி’ என்று ஒரு கோப்பில் எழுதிக் கொடுக்கிறீர்கள். அந்த விருப்பம் எட்சிடி என்ற தரவுக்கிடங்கில் பதிவாகிறது. எந்த மெஷினில் இடம் இருக்கிறது என்று ஷெட்யூலர் பார்க்கிறது. அந்த மெஷினில் இருக்கும் கியூப்லெட் என்ற சின்ன நிரல் கன்டெய்னரைக் கிளப்புகிறது. விருப்பம் 3, ஓடுவது 2 என்றால் கன்ட்ரோலர் இன்னொன்றைக் கேட்கிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும். கூகுள் தன் உள்வேலைக்கு வைத்திருந்த போர்க் என்ற அமைப்பின் அனுபவத்திலிருந்து 2014-இல் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. 1.0 பதிப்பு 2015 ஜூலையில் வந்தது. ஸ்வார்ம், நோமாட், அமேசானின் ஈசிஎஸ் எல்லாம் இதே எண்ணத்தை வேறு வேறு அளவில் செய்கின்றன.

எது இதன் வேலையில்லை என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இன்டெக்ஸ் இல்லாத டேபிளில் ஓடும் குவெரியை ஆர்கெஸ்ட்ரேட்டர் வேகமாக்காது. நிரம்பிய டிஸ்க்கைக் காலி செய்யாது. டேட்டாபேஸ் அமைப்பை மாற்றிய தவறான மைக்ரேஷனைத் திருப்பி எழுதாது. சின்ன டீம்களில் நான் பார்க்கும் நிறுத்தங்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். மெஷின் செத்துப்போவது அபூர்வம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல், இரவில் எழுந்து பார்ப்பது யார் என்பது. ஒரே ஒருவருக்குத்தான் இந்தத் தளம் தெரியும், அவர் ஊருக்குப் போயிருக்கிறார் என்றால் அந்தத் தளம் உங்களுக்கு இல்லாததற்குச் சமம். மற்ற எல்லா அளவுகோலையும்விட இதற்குத்தான் நான் அதிக எடை கொடுப்பேன்.

அடுத்தது, எத்தனை நிமிட நிறுத்தத்தை வாடிக்கையாளர் தாங்குவார் என்பது. டெண்டரில் என்ன எழுதியிருந்தாலும், நிஜத்தில் என்ன நடக்கும் என்று யார்டு மேனேஜரிடமே கேளுங்கள். மூன்றாவது, புதுப் பதிப்பை வேலை நேரத்தில் ஏற்ற வேண்டியிருக்கிறதா என்பது. நான்காவது, மெஷின் எங்கே இருக்கிறது: மும்பை டேட்டா சென்டரிலா, வாடிக்கையாளரின் கிரவுண்ட் ஃப்ளோர் அறையிலா? வட சென்னையில் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை, தண்ணீரும் வடியவில்லை. அப்படிப்பட்ட நாளில் தரையோரம் வைத்த சர்வரை எந்த ஆர்கெஸ்ட்ரேட்டரும் காப்பாற்றாது.

பணம் கடைசி. அது முக்கியமில்லை என்பதால் சொல்லவில்லை. விலைப்பட்டியலில் தெரிகிற தொகை சின்னது, தெரியாத தொகைதான் கடிக்கும். அதை ஒவ்வொரு தளத்தோடும் சேர்த்தே பார்க்கலாம்.

எல்லாவற்றையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம். ஒரு யார்டின் கேட் என்ட்ரி. லாரி வந்து நிற்கிறது. பெட்டியின் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் அடிக்கிறார்கள், கடைசி எண் சரிபார்ப்பு எண், அதை அப்ளிகேஷன் சோதிக்கிறது. சீல் நம்பர், வண்டி நம்பர் பதிவாகி கேட் பாஸ் அச்சாகிறது. பின்னால் ஒரு வெப் சர்வர், கோரிக்கைகளுக்குப் பதில் தரும் ஒரு ஏபிஐ, மெயிலும் எஸ்எம்எஸ்ஸும் அனுப்பும் ஒரு வொர்க்கர், ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், தற்காலிகத் தரவுக்கு ஒரு ரெடிஸ். இந்தப் பக்கத்துச் சின்ன நிறுவனங்கள் செய்யும் பெரும்பாலான மென்பொருளின் உடம்பு இவ்வளவுதான். இது நின்றால் லாரி வரிசை கேட்டைத் தாண்டி எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைக்கு வந்துவிடும்.

## ஒரு மெஷின், டாக்கர் கம்போஸ்

ஒரே ஒரு நல்ல மெஷின். எதெல்லாம் ஓட வேண்டும் என்று எழுதிய ஒரு யாம்ல் கோப்பு. கன்டெய்னர் விழுந்தால் எழுப்பும் ரீஸ்டார்ட் விதி. முன்னால் வெப் சர்வராகக் கேடியோ என்ஜின்எக்ஸோ. புதிதாக வந்தவர் அன்று மாலையே முழு அமைப்பையும் படித்துப் புரிந்துகொள்வார். இரவில் போன் வந்தால் பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். முதல் அளவுகோலில் இதை வெல்ல வேறு எதுவும் இல்லை.

ஆனால் இதில் ஒளிந்திருக்கும் சில குழிகளை அறிந்துகொண்டுதான் இறங்க வேண்டும். ஹெல்த்செக் (கன்டெய்னர் நலமா என்று அவ்வப்போது பார்க்கும் சோதனை) எழுதிவிட்டால் போதும், கன்டெய்னர் கெட்டால் தானே ரீஸ்டார்ட் ஆகும் என்று பலர் நம்புகிறார்கள். தனி டாக்கரில் அப்படி இல்லை. புரோசஸ் வெளியேறினால்தான் ரீஸ்டார்ட் விதி வேலை செய்யும். உயிரோடு இருந்துகொண்டே பதில் சொல்லாமல் தொங்கினால், ‘அன்ஹெல்தி’ என்று பட்டியலில் காட்டிவிட்டு அப்படியே விட்டுவிடும். இரவு ஷிஃப்டில் அது இப்படித்தான் வெளியே தெரியும்:

“தம்பி, கேட் பாஸ் சுத்திக்கிட்டே இருக்கு, பிரின்ட் வரல. லாரி ரோடு வரைக்கும் நிக்குது.”

“அண்ணே, ரெண்டு நிமிஷம், பாக்குறேன்.”

பார்த்தால் எல்லாக் கன்டெய்னரும் மேலே ஓடுகிறது. ஏபிஐயின் டேட்டாபேஸ் இணைப்பு மட்டும் இறந்துபோயிருக்கிறது. இதற்கு வழி, ஏபிஐ தன் இணைப்பு செத்தால் தானே வெளியேறுமாறு எழுதுவது. நிரலில் நான்கைந்து வரி. அதை எழுதாமல் குபெர்னெட்டிஸுக்குத் தாவுகிறவர்கள் நிறைய.

அடுத்த குழி லாக், அதாவது நடப்பதையெல்லாம் பதியும் கோப்பு. டாக்கரின் வழக்கமான ஜேசன் கோப்பு லாகுக்கு அளவு வரம்பு கிடையாது. மேக்ஸ் சைஸ் போடாவிட்டால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பி போஸ்ட்கிரெஸ் எழுத மறுக்கும். மூன்றாவது, டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் உபுன்டுவின் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வால் விதிகளைத் தாண்டிப் போய்விடும். ஃபயர்வால் மூடியிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள், போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட் உலகத்துக்கே திறந்திருக்கும். போஸ்ட்கிரெஸுக்கு போர்ட்ஸ் பகுதியே வேண்டாம். உள் நெட்வொர்க்கிலேயே ஏபிஐ அதைப் பிடித்துக்கொள்ளும்.

புதுப் பதிப்பு ஏற்றும்போது சில விநாடி நிற்கும். ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஏற்றினால் யாருக்கும் தெரியாது. அதுவும் கூடாது என்றால் 37சிக்னல்ஸ் வெளியிட்ட காமல் போன்ற கருவி, சாதாரண மெஷினிலேயே பழையதை நிறுத்தாமல் புதியதை ஏற்றித் தரும்.

மெஷினே போனால்? புது மெஷின் எடுத்து, பேக்கப்பை இறக்கி, கம்போஸைக் கிளப்ப வேண்டும். ஒத்திகை பார்த்திருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற வேலை. பார்க்காவிட்டால் பொழுது விடிந்துவிடும். வருடத்தில் ஒரு தடவை ஒரு மணி நேரத்தைத் தாங்கும் வாடிக்கையாளருக்கு நான் இதையே தருவேன்.

## டாக்கர் ஸ்வார்ம்

ஸ்வார்ம் என்பது டாக்கரின் சொந்த ஆர்கெஸ்ட்ரேட்டர். 2016-இல் டாக்கர் 1.12 பதிப்போடு உள்ளேயே வந்தது. 2019 நவம்பரில் டாக்கரின் என்டர்பிரைஸ் தொழில் மிரான்டிஸ் கைக்குப் போனபோது ஸ்வார்ம் முடிந்தது என்று பேச்சு கிளம்பியது. முடியவில்லை, டாக்கர் என்ஜினில் இன்றும் இருக்கிறது. கம்போஸ் கோப்பு தெரிந்தவருக்கு அரை நாளில் வசப்படும். கம்போஸில் சொன்ன ‘அன்ஹெல்தி’ குறை இதில் இல்லை, கெட்ட கன்டெய்னரைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போடும். நகல்களை ஒவ்வொன்றாகப் புதுப் பதிப்புக்கு மாற்றும் ரோலிங் அப்டேட்டும் உண்டு.

சேர்ந்து இயங்கும் மெஷின்களின் கூட்டம்தான் கிளஸ்டர். அதை நடத்தும் மேனேஜர் மெஷின்களை ஒற்றைப்படையில் வைக்க வேண்டும். மூன்று வைத்தால் ஒன்று போனாலும் கிளஸ்டர் முடிவெடுக்கும். ‘ரெண்டு வெச்சா ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்குமே’ என்று நினைப்பது இயல்பு, ஆனால் இரண்டில் ஒன்று போனால் பெரும்பான்மை இல்லாமல் எந்த மாற்றமும் நடக்காது. லோடுக்கு ஏற்ப நகல்களைத் தானாகக் கூட்டும் வசதி இதற்குள் இல்லை. கன்டெய்னரின் தரவு இருக்கும் வால்யூமும் மெஷின் விட்டு மெஷின் போகாது. இவற்றையெல்லாம்விடப் பெரிய மறைசெலவு ஆள். இன்று வேலைக்கு வருகிற இளைஞர் யாரும் ஸ்வார்ம் கற்று வருவதில்லை, கற்றுக்கொள்ளவும் ஆர்வம் காட்டுவதில்லை. ஏற்கெனவே ஓடுகிறது என்றால் கலைக்க வேண்டாம். புதிதாகத் தொடங்க நான் சொல்ல மாட்டேன்.

## கே3எஸ்: யார்டுக்குள்ளேயே மூன்று மெஷின்

இதுதான் வட சென்னைக்கு உண்மையிலேயே பொருந்துகிற இடம் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம். யார்டில் இன்டர்நெட் அறுந்தாலும் கேட் ஓட வேண்டும். சாலையைத் தோண்டினால் ஃபைபர் போகும், மழை பெய்தால் கரன்ட் போகும். மும்பையில் எத்தனை நகல் வைத்திருந்தாலும் கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு லைன் இல்லையென்றால் பாஸ் அச்சாகாது. அங்கே மெஷின் உள்ளேயே இருந்தாக வேண்டும்.

கே3எஸ் ராஞ்சர் லேப்ஸ் 2019-இல் வெளியிட்ட குறைந்த எடை குபெர்னெட்டிஸ். 100 எம்பிக்கும் குறைவான ஒரே பைனரி. உள்ளே டிராஃபிக் (Traefik) என்ற கருவி இருக்கும், அது வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைப் பிரித்துக் கொடுக்கும். ஒரு சர்வர் மட்டும் என்றால் எட்சிடிக்குப் பதில் எஸ்க்யூலைட் என்ற சின்ன டேட்டாபேஸில் தன் நிலையை வைத்துக்கொள்ளும். மூன்று மினி பிசி, ஒரு யுபிஎஸ், முதல் மாடியில் ஒரு அலமாரி இருந்தால் உண்மையான கிளஸ்டர் கிடைத்துவிடும்.

ஆனால் ஒரு மெஷினின் பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். அதில் ஏபிஐயின் ஒரே நகல் ஓடிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்வோம். அந்த நோடு (கிளஸ்டரில் உள்ள மெஷின்) பதில் சொல்லவில்லை என்று கிளஸ்டர் முடிவுகட்ட முக்கால் நிமிடம் போல ஆகும். அதற்குப் பிறகும் உடனே அதிலிருந்த பாட்-ஐ (கன்டெய்னரைச் சுமக்கும் குபெர்னெட்டிஸ் அலகு) இடம் மாற்றாது. வழக்கமான அமைப்பில் 300 விநாடி பொறுத்துப் பார்க்கும், நெட்வொர்க் கொஞ்சம் ஆடி மறுபடி வந்துவிடலாம் என்ற எண்ணத்தில். ஆக, ‘தானாகச் சரியாகிவிடும்’ என்ற வாக்குறுதிக்குள் கிட்டத்தட்ட ஆறு நிமிடம் கேட் மூடியிருக்கும். இதைத் தவிர்க்க இரண்டு நகல் வைத்து, அவை ஒரே மெஷினில் உட்காராதபடி விதி எழுத வேண்டும். அந்த 300-ஐக் குறைக்கவும் செய்யலாம். டெண்டரில் ஹை அவைலபிலிட்டி என்று கையெழுத்துப் போடுகிறவர் இந்த இரண்டு வரிகளும் தன் கோப்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

வால்யூம் விஷயம் இன்னும் கடினம். கே3எஸ்ஸோடு வரும் லோக்கல் பாத் சேமிப்பு, தரவை அந்த மெஷினின் டிஸ்க்கிலேயே வைக்கும். மெஷின் போனால் போஸ்ட்கிரெஸ் பாட் வேறிடம் போகாது, தரவு அங்கேதானே இருக்கிறது. லாங்ஹார்ன் என்ற சேமிப்பு மென்பொருளைப் போட்டால் தரவு மூன்று மெஷினிலும் நகலாகும், ஆனால் மினி பிசியின் டிஸ்க்கும் சுவிட்சும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

சான்றிதழ்களை மறக்காதீர்கள். கிளஸ்டரின் பகுதிகள் ஒன்றையொன்று அடையாளம் காணும் கே3எஸ்ஸின் உள் சான்றிதழ்களுக்கு ஆயுள் ஓராண்டு. காலம் நெருங்கும்போது சர்வீஸை ரீஸ்டார்ட் செய்தால் தானே புதுப்பித்துக்கொள்ளும். ‘நல்லா ஓடுது, தொடாத’ என்று ஒன்றரை வருடம் விட்டுவைத்த கிளஸ்டர்தான் மாட்டிக்கொள்ளும். எட்சிடியோடு ஓடும் கே3எஸ் நாளுக்கு இரண்டு முறை தன் நிலையை ஸ்னாப்ஷாட்டாக நகலெடுக்கும், ஆனால் அதே மெஷினின் டிஸ்க்கில்தான் வைக்கும். அதை வெளியே நகர்த்துவது உங்கள் பொறுப்பு.

## மேனேஜ்டு குபெர்னெட்டிஸ்: ஈகேஎஸ், ஜிகேஈ, ஏகேஎஸ்

கன்ட்ரோல் பிளேனை, அதாவது எட்சிடி, ஷெட்யூலர், கன்ட்ரோலர் ஓடும் பகுதியை, கிளவுட் நிறுவனமே பார்த்துக்கொள்ளும். எட்சிடியை மறந்துவிடலாம். அமேசானின் ஈகேஎஸ்ஸுக்குக் கட்டணம் கிளஸ்டருக்கு மணிக்கு 0.10 டாலர், மாதத்துக்கு 73 டாலர் போல. கூகுளின் ஜிகேஈயிலும் அதே விகிதம், ஒரு கிளஸ்டருக்கு ஈடாகும் சலுகை உண்டு. மைக்ரோசாஃப்டின் ஏகேஎஸ்ஸில் இலவச அடுக்கு இருக்கிறது, அதில் அப்டைம் உத்தரவாதம் கிடையாது. இந்தத் தொகையைப் பார்த்துத்தான் பலரும் ‘இவ்வளவுதானா’ என்று இறங்குகிறார்கள்.

நோடுகளின் வாடகை தனி. 4 ஜிபி நோடு வாங்கினால் 4 ஜிபியும் உங்களுக்குக் கிடைக்காது. கியூப்லெட்டும், ஒவ்வொரு நோடிலும் ஓடும் லாக், நெட்வொர்க், மானிட்டரிங் பாட்களும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். ஷெட்யூலர் பார்ப்பது ‘இவ்வளவு வேண்டும்’ என்று நீங்கள் எழுதிய ரிக்வெஸ்ட் எண்ணை, உண்மையில் ஓடும் அளவை இல்லை. பயந்துகொண்டு எல்லாவற்றுக்கும் 1 ஜிபி என்று எழுதினால் நோடுகள் காலியாகவே நிற்கும், பில் மட்டும் ஏறும். பயமில்லாமல் குறைத்து எழுதினால் மெமரி வரம்பு தாண்டி 137 என்ற எண்ணோடு கன்டெய்னர் கொல்லப்படும். நிஜ அளவை ஒரு மாதம் அளந்து எழுதுவதுதான் வழி, அதற்கு ஒருவருடைய நேரம் வேண்டும். லோடு பேலன்சர் வகை சர்வீஸ் ஒவ்வொன்றும் கிளவுடில் ஒரு தனி லோடு பேலன்சரை எழுப்பும், தனி பில்லோடு. தனியார் சப்நெட்டில் நோடுகள் இருந்தால் அவை வெளி இணையத்துக்குப் போகும் வழியான நாட் கேட்வேக்கு மணிக்கணக்கிலும் ஜிபி கணக்கிலும் கட்டணம். எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி. இன்புட் கிரெடிட் எடுக்கிற நிறுவனத்துக்குப் பரவாயில்லை, எடுக்க முடியாதவருக்கு அது நேரடிச் செலவு.

நேரச் செலவு இதைவிடப் பெரிது. குபெர்னெட்டிஸ் ஆண்டுக்கு மூன்று பதிப்பு வெளியிடுகிறது, ஒவ்வொன்றுக்கும் சுமார் 14 மாத ஆதரவு. ஈகேஎஸ்ஸில் அந்தக் காலம் தாண்டி நின்றால் 0.10 டாலர் 0.60 ஆகிவிடும், மாதம் 438 டாலர். அப்கிரேடை ஒத்திப்போடுவதற்கு இப்படி நேரடியாகவே விலை வைத்திருக்கிறார்கள். கூடவே, நீங்கள் நம்பியிருக்கும் துணைக்கருவிகளும் மாறும். வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கிளஸ்டருக்குள் அனுப்ப மிகப் பரவலாகப் பயன்பட்ட இன்கிரஸ் என்ஜின்எக்ஸை 2026 மார்ச்சோடு ஓய்வு பெறச் செய்வதாக 2025 நவம்பரில் அறிவித்தார்கள். அதில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு டீமும் வேறு வழிக்கு மாற வேண்டிய வேலையைத் தலையில் ஏற்றுக்கொண்டது. கிளவுட் நிறுவனம் கன்ட்ரோல் பிளேனைத்தான் பார்த்துக்கொள்ளும், இதைப் பார்த்துக்கொள்ளாது.

இன்னொன்று. கடவுச்சொல் போன்றவற்றை வைக்கும் குபெர்னெட்டிஸ் சீக்ரெட் என்பது வழக்கமான அமைப்பில் பேஸ்64 வடிவில், யாரும் திருப்பிப் படிக்கக்கூடியபடி இருக்கும் எழுத்துதான், பூட்டில்லை. அதை யார் படிக்கலாம் என்ற அனுமதி விதிகளைச் சரியாக எழுதினால்தான் பாதுகாப்பு. வாடிக்கையாளரின் சுங்க ஆவணங்களைக் கையாள்கிறவர்கள் இதில் கவனம் வைக்க வேண்டும்.

இவ்வளவும் சொன்னதால் இது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்று நான்கு டீம்கள், இருபது முப்பது சர்வீஸ்கள், நாள்தோறும் பல டெப்ளாய்கள் (புதுப் பதிப்பு ஏற்றுவது), வாடிக்கையாளருக்கு ஒரு நேம்ஸ்பேஸ் (கிளஸ்டருக்குள் ஒரு தனிப் பகுதி) என்ற நிலைமைக்கு இதைவிட ஒழுங்கான ஏற்பாட்டை நான் பார்த்ததில்லை. தளத்துக்கென்றே ஒன்றரை ஆள் ஒதுக்க முடிகிற நிறுவனம் தயங்காமல் எடுக்கலாம். ஒன்றரை என்று சொல்லக் காரணம், ஒருவர் லீவில் போனால் இன்னொருவருக்குப் பாதியாவது தெரிந்திருக்க வேண்டும்.

## கிளவுட் ரன், ஃபார்கேட்: மெஷினே தெரியாமல்

இமேஜைக் கொடுத்தால் போதும், நோடு என்ற பேச்சே இல்லை. கூகுளின் கிளவுட் ரன் மும்பையிலும் டெல்லியிலும் கிடைக்கிறது. யாரும் வராத நேரத்தில் பூஜ்யத்துக்கு இறங்கும், பில்லும் இறங்கும். மாதக் கடைசியில் மட்டும் கூட்டம் வரும் பில்லிங் அப்ளிகேஷனுக்கு அருமையாகப் பொருந்தும். அமேசானின் ஈசிஎஸ்ஸை ஃபார்கேட்டோடு ஓட்டினால் கிளஸ்டர் கட்டணம் தனியாக இல்லை, ஓடும் சிபியுவுக்கும் மெமரிக்கும் மட்டும். ஆனால் கோரிக்கை வராத நேரத்தில் அது தானாகப் பூஜ்யத்துக்கு இறங்காது.

நம் கேட் என்ட்ரியை கிளவுட் ரன்னில் வைத்தால் மூன்று இடத்தில் இடிக்கும். முதலாவது, பூஜ்யத்திலிருந்து எழும் முதல் கோரிக்கைக்குத் தாமதம். ஜாவா ஸ்பிரிங் அப்ளிகேஷன் என்றால் அது நன்றாகவே தெரியும். குறைந்தபட்சம் ஒரு நகல் எப்போதும் இருக்கட்டும் என்று வைக்கலாம், அப்போது பூஜ்ய பில் கிடையாது. இரண்டாவது, நிலையான டிஸ்க் என்று ஒன்று தானாக வராது. வழக்கமான அமைப்பில் எழுதும் கோப்பு மெமரியில்தான் உட்காரும், நகல் மறையும்போது அதுவும் மறையும். கேட் பாஸ் பிடிஎஃப்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வைக்கும் நிரல் இருந்தால் ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜுக்கு மாற்றிவிட்டுத்தான் வர வேண்டும். மூன்றாவது, வொர்க்கர். கோரிக்கை இல்லாத நேரத்தில் வழக்கமான கட்டண முறையில் சிபியு கிடைக்காது, எஸ்எம்எஸ் வரிசை அப்படியே நிற்கும். அதற்கான தனிக் கட்டண முறைக்கு மாற்ற வேண்டும்.

நான்காவதாக ஒன்று கூட்ட நாளில்தான் தெரியும். நகல் கூடும்போது ஒவ்வொன்றும் டேட்டாபேஸுக்குத் தன் இணைப்புகளைத் திறக்கும். போஸ்ட்கிரெஸின் வழக்கமான வரம்பு 100 இணைப்பு. நகலுக்குப் பத்து என்றால் பதினோராவது நகல் வாசலிலேயே நிற்கும். அதிகபட்ச நகல் எண்ணிக்கையைக் கட்டி வையுங்கள், அல்லது இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சரை நடுவில் போடுங்கள்.

இந்தக் குறைகளுக்கு நிரலை மாற்றத் தயார் என்றால், இரண்டு மூன்று பேர் டீமுக்கு நான் பரிந்துரைப்பது இதுவே. இரவில் அப்கிரேட் செய்ய நோடே இல்லை.

ஹாஷிகார்ப்பின் நோமாடைப் பற்றியும் கேட்பார்கள். கன்டெய்னரில் போடாத பழைய ஜாவா ஜார் கோப்புகளையும் சேர்த்து நிர்வகிக்க வேண்டும் என்றால் அது அழகாகச் செய்யும். 2023 ஆகஸ்டில் உரிமத்தை மாற்றினார்கள், 2025-இல் நிறுவனம் ஐபிஎம் வசமானது. சின்ன டீம் புதிதாக அந்தப் பாதையில் போக இங்கே ஆள் கிடைப்பது கடினம், அதனால் அட்டவணையில் சேர்க்கவில்லை.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | கம்போஸ் | ஸ்வார்ம் | கே3எஸ் | மேனேஜ்டு குபெர்னெட்டிஸ் | கிளவுட் ரன், ஃபார்கேட் |
|---|---|---|---|---|---|
| பார்த்துக்கொள்ள ஆள் | கால் ஆள் | அரை ஆள் | ஒருவர், பயிற்சியோடு | ஒன்றரை ஆள் | கால் ஆள், தொடக்கத்தில் நிரல் மாற்றம் |
| மெஷின் போனால் | கையால் மீட்க வேண்டும் | தானாக எழும் | தானாக, அமைப்பு சரியாக இருந்தால் | தானாக, புது நோடும் வரும் | உங்களுக்குத் தெரியாமலே முடியும் |
| நிற்காமல் டெப்ளாய் | துணைக்கருவி வேண்டும் | உண்டு | உண்டு | உண்டு | உண்டு |
| நெட் அறுந்தால் கேட் | மெஷின் உள்ளே இருந்தால் ஓடும் | அதேபோல் | ஓடும் | நிற்கும் | நிற்கும் |
| மறைசெலவு | லாக், போர்ட், ஒத்திகை இல்லாமை | தெரிந்த ஆள் கிடைக்காமை | சான்றிதழ், சேமிப்பு, யுபிஎஸ் | அப்கிரேட், வீணாகும் நோடு, நாட் | இணைப்பு வரம்பு, முதல் கோரிக்கைத் தாமதம் |
| பின்னர் வெளியேறுவது | எளிது | எளிது | எளிது | நடுத்தரம் | இமேஜ் வரும், சுற்றியிருக்கும் அமைப்பு வராது |

ஆள் கணக்கு என் அனுபவத்தில் கண்ட மதிப்பீடு. உங்கள் டீமின் திறமைக்கு ஏற்ப ஏறி இறங்கும்.

## எதை எடுத்தாலும் மாறாத இரண்டு

டேட்டாபேஸை இந்தச் சண்டைக்கு வெளியே வையுங்கள். கிளவுடில் இருந்தால் மேனேஜ்டு போஸ்ட்கிரெஸ். யார்டுக்குள் என்றால் ஒரு மெஷினில் சாதாரணமாக நிறுவிய போஸ்ட்கிரெஸும், இன்னொன்றில் அதன் தொடர் நகலான ரெப்ளிக்காவும். தரவு வெளியே போய்விட்டால் மேலே சொன்ன எந்தத் தளத்துக்கும் ஒரு வார இறுதியில் மாறலாம், பிடிக்கவில்லை என்றால் திரும்பியும் வரலாம். தரவு கிளஸ்டருக்குள் மாட்டிக்கொண்டால் ஒவ்வொரு மாற்றமும் அறுவை சிகிச்சை ஆகிவிடும்.

அடுத்தது லாக். இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்புச் சம்பவம் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும். கன்டெய்னர் அழிந்தால் அதன் லாகும் அழியும், ஆர்கெஸ்ட்ரேட்டர் கன்டெய்னரை அழித்துக்கொண்டேதான் இருக்கும். லாகை வெளியே அனுப்பும் ஏற்பாடு எந்தத் தளத்திலும் முதல் நாளே இருக்க வேண்டும், அதன் சேமிப்புச் செலவும் கணக்கில் வர வேண்டும்.

## யாருக்கு எது

ஒரு வாடிக்கையாளர், ஒரு அப்ளிகேஷன், மூன்று பேர் டீம் என்றால் கம்போஸ். மாதம் ஒருமுறை புது மெஷினில் பேக்கப்பை இறக்கிப் பாருங்கள், அதற்கு ஆகும் நேரத்தை எழுதி வாடிக்கையாளரிடம் கொடுங்கள். ‘ஹை அவைலபிலிட்டி’ என்ற வரிக்கு இந்த நேர்மையான எண் பல இடங்களில் போதுமானதாக இருந்திருக்கிறது.

பல வாடிக்கையாளர்கள் இணையம் வழியே பயன்படுத்தும் பில்லிங் போன்றது என்றால் கிளவுட் ரன், அல்லது அமேசானில் ஏற்கெனவே இருப்பவருக்கு ஃபார்கேட். கேட், எடைமேடை, குளிர்பதனக் கிடங்கு என்று நெட் இல்லாமலும் ஓட வேண்டிய இடம் என்றால் கே3எஸ். அதைக்கூட இரண்டாவது யார்டு வரும்போது எடுங்கள், முதல் யார்டுக்கு ஒரு மெஷினும் தயாராக ஒரு மாற்று மெஷினும் போதும். சர்வீஸ்கள் பெருகி, ஒரு டீமின் டெப்ளாய் இன்னொரு டீமைக் காக்க வைக்கத் தொடங்கிவிட்டால் மேனேஜ்டு குபெர்னெட்டிஸ்.

வேலைக்காகக் கற்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. வியாசர்பாடியிலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ கிளம்பி ஓஎம்ஆரில் சேர நினைக்கும் இளைஞருக்கு குபெர்னெட்டிஸ் அவசியம், அதில் எனக்கு இரண்டாவது கருத்தில்லை. அதை வாடிக்கையாளரின் கேட்டில் கற்க வேண்டாம், முதலாளிகளும் அதற்காக புரொடக்‌ஷனை மாற்ற வேண்டாம்; ஆபீசிலேயே கற்க நேரம் கொடுங்கள். 8 ஜிபி லேப்டாப்பில், டாக்கருக்குள்ளேயே கே3எஸ்ஸை ஓட்டும் கே3டி போட்டு மூன்று நோடு கிளஸ்டர் எழுப்பலாம், காசு செலவில்லை. டெவலப்மென்ட் அப்ளிகேஷனை அதில் ஏற்றி, ஒரு நோடை டாக்கர் ஸ்டாப் கொடுத்து நிறுத்துங்கள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பாட்களின் பட்டியலைக் கவனியுங்கள். பாட் எப்போது ‘டெர்மினேட்டிங்’ ஆனது, புதியது எப்போது வந்தது, வால்யூம் கட்டிய பாட் ஏன் வரவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த 300 விநாடியை 30 ஆக்கி, நோடை மறுபடி நிறுத்துங்கள்.